முப்பத்தி நாலு டி

ஆவணி மாதம் சீசன் சூடாக ஓடிக்கொண்டிருந்தபோது என் வலது தோளைத் தூக்க முடியாமல் போனது.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். வீடு விருதுநகரில். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். எங்கள் செக்‌ஷனில் எல்லோரும் பெண்கள்தான். வரிசையாக உட்கார்ந்து கிஃப்ட் பாக்ஸ் அடுக்குவார்கள். கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அட்டைப்பெட்டிகளைத் தூக்கி அடுத்த மேசைக்கு நகர்த்துவது என் வேலை. தோள் வேலை செய்யாவிட்டால் நான் அங்கே நிற்பதில் அர்த்தமில்லை.

வீட்டுக்காரர் தினமும் தைலம் தேய்த்துவிட்டார். பருப்பு மில்லில் மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்துப் பழகியவர். "சுமை தூக்குறவனுக்கு வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அழுத்தித் தேய்ப்பார். ராத்திரி நன்றாக இருக்கும். மறுநாள் மதியத்துக்குள் பழையபடி ஆகிவிடும்.

கடைசியில் டாக்டரிடம் போனேன். எலும்பில் ஒன்றும் இல்லை என்று பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தது ஒரு பெண். தோளைப் பார்க்க ஜாக்கெட்டை இறக்கச் சொன்னார். தோளை விட்டுவிட்டு அதன் மேலே இருந்த பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் உள்ளாடைப் பட்டை அழுந்தி அழுந்தி வரப்பு வெட்டியது போல ஒரு தடம். எனக்கு அது பழகிப்போனது. எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே என்று நினைத்திருந்தேன்.

"என்ன சைஸ் போடுறீங்க?" என்று கேட்டார்.

"முப்பத்தெட்டு."

"யார் சொன்னாங்க?"

யோசித்துப் பார்த்தேன். பிள்ளை பெற்ற பிறகு பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். கவுண்டரில் நின்றவர் என்னைத் தலை நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தார், ஒரு பெட்டியை எடுத்துப் போட்டார். அதில் முப்பத்தெட்டு என்று இருந்தது. அவர் சொன்னதுதான். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும், "பாடி முப்பத்தெட்டு குடுங்க" என்று கேட்டு, பேப்பரில் சுற்றி வாங்கி, பையின் அடியில் திணித்துக்கொண்டு வந்துவிடுவேன். எங்கள் ஊரில் பிராவுக்குப் பாடி என்றுதான் பெயர். அந்தப் பெயரைக்கூட யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

"முதுகுப் பட்டை மேல ஏறிக்கிட்டு நிக்குது பாருங்க. அது தாங்க வேண்டிய எடையை எல்லாம் தோள் தாங்குது. நான் சொல்ற பயிற்சியைச் செய்யுங்க. ஆனா முதல்ல அளவெடுங்க" என்றார் அவர்.

எனக்கு ஒரு தங்கச்சி. திருப்பூரில் உள்ளாடை தைக்கிற கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இருக்கிறாள். அன்று சாயங்காலமே போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை.

"இம்புட்டு வருசமா என்கிட்ட கேட்டிருக்கலாம்ல. வீட்ல டேப்பு இருக்கா?"

தையல் மெஷின் டிராயரில் ஒரு துணி டேப் கிடந்தது. நுனித் தகரம் போய் முதல் இஞ்ச் பிய்ந்திருந்தது.

"அத வச்சு அளக்காத. துணி டேப்பு பழசானா இழுத்துக்கும். புதுசு வாங்கிட்டு வா, அப்புறம் பேசுவோம்."

மறுநாள் வேனை விட்டு இறங்கியதும் ஃபேன்சி ஸ்டோரில் புது டேப் ஒன்று வாங்கினேன். படுக்கையறைக் கதவைத் தாழ் போட்டு, பீரோ கண்ணாடி முன்னால் நின்றேன். போன் கட்டிலின் மேல் ஸ்பீக்கரில் கிடந்தது.

"பஞ்சு வச்சது ஒண்ணும் போட்டுக்காத. மெல்லிசான பாடியா போட்டுக்க. இப்ப டேப்பை மார்புக்கு நேரா கீழ சுத்து. விலா எலும்பு மேல, பாடியோட கீழ்ப்பட்டை வார இடத்துல."

சுற்றினேன்.

"இப்ப பக்கவாட்டுல திரும்பி கண்ணாடியைப் பாரு. முன்னால நேரா இருக்கும், முதுகுல இறங்கிக் கிடக்கும்."

அப்படியேதான் கிடந்தது. நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. டேப்பை முதுகில் ஏற்றித் தரைக்குச் சமமாக வைத்தேன்.

"மூச்சை முழுசா வெளிய விடு. இறுக்கமாப் பிடி. வலிக்கக் கூடாது, நழுவவும் கூடாது. எம்புட்டு?"

"முப்பத்தி மூணு."

"பட்டை எல்லாம் ரெட்டைப்படையிலதான் வரும். அதனால முப்பத்தி நாலுன்னு வச்சுக்க. இப்ப மார்பு எங்கன எடுப்பா இருக்கோ அங்கன சுத்து. இத இறுக்கக் கூடாது. சும்மா தொட்டுக்கிட்டு இருக்கணும். மூச்சை இழுத்து நெஞ்சை நிமித்தாத, போட்டோவுக்கா நிக்க?"

சிரிப்பில் டேப் நழுவியது. மறுபடி சுற்றிப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

வெளியே வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "ஏம்மா, காபி போடலையா? உள்ள யாரு கூடப் பேசுற?"

"அளவெடுக்கேன்!"

"என்னத்த?"

"என்னய!"

சற்று நேரத்தில் அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. காபியை அவரே போட்டுக்கொண்டார்.

தங்கச்சி கணக்குச் சொன்னாள். சுற்றளவில் இருந்து பட்டை அளவைக் கழிக்க வேண்டும். ஒரு இஞ்ச் வித்தியாசம் வந்தால் ஏ கப், இரண்டு வந்தால் பி, மூன்று வந்தால் சி, நான்கு வந்தால் டி. எனக்கு நான்கு.

"முப்பத்தி நாலு டி" என்றாள்.

"டியா? அடி, டின்னா எம்புட்டுப் பெருசு! நான் அப்படியா இருக்கேன்?"

"எழுத்து மட்டும் ஒண்ணும் சொல்லாதுக்கா. முப்பத்தி நாலு டியும் நாப்பத்தி ரெண்டு டியும் ஒண்ணா? பட்டை எம்புட்டோ அதுக்குத் தக்கனதான் கப்பு. கடைக்காரரு உன் மார்பை மட்டும் கண்ணால பாத்து முப்பத்தெட்டுன்னு குடுத்துட்டாரு. உன் விலா முப்பத்தி மூணு. அந்தப் பட்டை உன்னப் பிடிக்கவே இல்ல. சும்மா தொங்கிக்கிட்டு இருந்திருக்கு."

எனக்குக் கோபம் வரவில்லை. பெட்டியில் ஒரு வெடி குறைந்தாலே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவள் நான். இந்தக் கணக்கும் எனக்கு உடனே பிடிபட்டது. அளவு என்று ஒன்று இருக்கும்போது வேறொருவர் உத்தேசமாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்குப் போனேன். பழையவர் இல்லை, வேறொருவர் நின்றார்.

"முப்பத்தி நாலு டி குடுங்க அண்ணாச்சி."

அவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "டி எல்லாம் இங்கன ஓடாதுக்கா. நாப்பது தாரேன். லூசா, வசதியா இருக்கும்."

"எனக்கு லூசா வேண்டாம். அளந்துட்டு வந்திருக்கேன்."

"எல்லாரும் இதத்தான வாங்கிட்டுப் போறாக."

"அவுகளும் அளந்தா வேற கேப்பாக. லேடீஸ் யாரும் இருக்காங்களா?"

அவருக்கும் அதுவே நிம்மதி. மாடியைக் கைகாட்டினார். மேலே நைட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அடித்தட்டில் குனிந்து பெட்டி பெட்டியாக வெளியே எடுத்தார். முப்பத்தி நாலு டி இல்லை. ஒரே ஒரு முப்பத்தி ஆறு சி இருந்தது. பட்டையில் ஒரு அளவு ஏறினால் கப்பில் ஒரு எழுத்து இறங்க வேண்டும், கைக்குக் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்து அளவை எடுக்கலாம் என்று தங்கச்சி முன்பே சொல்லியிருந்தாள். வாங்கிக்கொண்டேன். பேப்பரில் சுற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தது, அதற்கு மேல் நுழையவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கினேன். முதுகுப் பட்டை ஏறவில்லை, நின்ற இடத்தில் நின்றது. தோள் பட்டையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தேன். அதில் பாரமே இல்லை. மேலே ஜாக்கெட்டைப் போட்டால் தையல் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்தது. கழுத்து கொஞ்சம் நீண்டுவிட்டது போல இருந்தது. வீட்டுக்காரர், "முடி வெட்டுனியா?" என்று கேட்டார். எதுவோ மாறியிருப்பது அவருக்குத் தெரிந்தது, எது என்று தெரியவில்லை.

ஆனால் அதை நான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போக முடியாது. அது நைலான். எங்கள் கம்பெனிக்குள் பருத்தி தவிர வேறு துணி வரக்கூடாது. நைலான் உரசினால் கரண்ட் மாதிரிப் பொறி வரும். வெடிமருந்து இருக்கிற இடத்தில் அந்தச் சின்னப் பொறி போதும். கேட்டில் ஒரு அம்மாள் சேலை, ஜாக்கெட், பாவாடை எல்லாம் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். போனைக்கூட வெளியேதான் வைக்க வேண்டும். அதனால் சாயங்காலமும் ஞாயிறும் முப்பத்தி ஆறு சி, வேலை நேரத்தில் அதே பழைய தொங்கல். பருத்தியில் வருவதெல்லாம் கப் எழுத்தே இல்லாமல் முப்பத்தி ரெண்டு, முப்பத்தி நாலு என்று வெறும் நம்பரோடுதான் வந்தது.

ஜவுளிக்கடை மாடிக்கார அம்மாளிடம் பருத்தியில் கப் அளவு வைத்து வரவழைக்க முடியுமா என்று கேட்டேன். "ஒரு ஆளுக்காக எப்படிங்க ஆர்டர் போடுறது? நெறய பேரு கேட்டா முதலாளிகிட்டச் சொல்லலாம்" என்றார். நெறய பேர் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மதியச் சாப்பாட்டில் செக்‌ஷன் பெண்களிடம் நேராகச் சொன்னேன். என் தோள், பிசியோதெரபி, டேப், டி எல்லாவற்றையும். முதலில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொருத்தி, "எனக்கும் அந்தத் தடம் இருக்குக்கா" என்று தோளைக் காட்டினாள். அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சம் இல்லை. ஒருத்திக்குக் கொக்கி அறுந்து அறுந்து தைத்ததில் முதுகில் புண். பால் கொடுக்கிற ஒருத்தி பாடி போடுவதையே விட்டுவிட்டாள். ஒருத்தி தன் மகளுடையதைப் போட்டுக்கொண்டு வருகிறாள்.

வேலை முடிந்து, சேலைக்கு மேல் போடும் பருத்திச் சட்டையை மாற்றுகிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அளவெடுத்தேன். முதல் நாள் சிரிப்புச் சத்தத்தில் கேட்டில் நிற்கிற அம்மாள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எனக்கும் எடுங்க" என்று அவரும் வரிசையில் நின்றார். "மூச்சை விடு, நிமிராத, போட்டோவுக்கா நிக்க?" என்று நான் தங்கச்சி மாதிரியே அதட்டினேன். முப்பத்தாறு போட்டுக்கொண்டிருந்தவள் முப்பது சி. நாற்பது போட்டவள் முப்பத்தாறு டி. ஒரே ஒருத்திக்குத்தான் போட்டிருந்ததும் அளந்ததும் ஒன்றாக இருந்தது. அவள் பரீட்சையில் பாஸானது மாதிரி வேனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். என்னைவிட மூத்தவர், மதினி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். இடது கையை எப்போதும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே வேலை செய்வார். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"எனக்கும் எடுப்பீகளா?" என்றார்.

"வாங்க மதினி, அதுக்கென்ன."

அவர் சட்டையைக் கழற்றவில்லை. "எனக்கு ஒரு பக்கந்தான் இருக்கு. மதுரையில ஆப்பரேசன் பண்ணி எடுத்துட்டாக. நான் இங்க சேரும் முன்னாலயே." உள்ளே துணியைச் சுருட்டி வைத்து வருவதாகச் சொன்னார். வீட்டில் ஊக்கு குத்திக்கொள்வார். கேட்டில் ஊக்கைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள். அந்தத் துணி விழுந்துவிடாமல் இருக்கத்தான் நாள் முழுக்க அந்தக் கையை ஒட்டி வைத்திருக்கிறார்.

பாவம் என்று சொல்லக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

"மதினி, இதுக்கு எப்படி எடுக்கணும்னு எனக்குத் தெரியாது. தங்கச்சிகிட்ட கேட்டுட்டு நாளைக்கு எடுப்போம். கண்டிப்பா எடுப்போம்."

அன்று சாயங்காலம் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அது ஒண்ணும் கஷ்டமில்லக்கா" என்று தொடங்கினாள். பட்டையை எல்லோருக்கும் போலவே எடுக்கலாம். சுற்றளவுக்கு மட்டும், நடு நெஞ்செலும்பில் இருந்து இருக்கிற மார்பு வழியாக முதுகுத் தண்டு வரைக்கும் பாதியை அளந்து, அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். "கப்புக்கு உள்பக்கம் பருத்தியில ஒரு பை தச்சு நானே அனுப்புறேன். பைக்குள்ள வைக்கிறது வெறும் பஞ்சா இருந்தா மேல ஏறிக்கும். கொஞ்சம் கனம் வேணும். இல்லன்னா அந்தப் பக்கத் தோள் தூக்கிக்கும்."

மறுநாள் மதினியை அளந்தேன். டேப்பின் நுனியை அவர் நெஞ்செலும்பில் அவரே பிடித்துக்கொண்டார். என் கை தழும்பின் பக்கம் போக வேண்டிய தேவையே வரவில்லை. பெருக்கிச் சொன்னேன், "முப்பத்தி ரெண்டு பி."

"பி" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

தங்கச்சி அனுப்பியது பார்சலில் வந்தது. பைக்குள் வைக்க மென்மையான துணியில் ஒரு சின்னத் தலையணை தைத்து, அதைக் காலியாக அனுப்பியிருந்தாள். எதை நிரப்புவது என்று மதினியே முடிவு செய்தார். கேப்பைத் தானியத்தை வறுத்து ஆறவைத்து, கொஞ்சம் பஞ்சோடு கலந்து நிரப்பி, இந்தக் கையில் அதையும் அந்தக் கையில் தன்னுடையதையும் எடை பார்த்துக் கூட்டிக் குறைத்ததாக அவரே சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பருத்திச் சரக்குக்கும் வழி கிடைத்தது. திருப்பூரில் கப் அளவு வைத்துப் பருத்தியில் தைக்கிற ஒரு இடத்தைத் தங்கச்சி விசாரித்துச் சொன்னாள். நான் அதை மாடிக்கார அம்மாளிடம் சொன்னேன். அவர் முதலாளியிடம் சொல்வதற்குத் தயங்கியதால் நானும் கூடப் போனேன். முதலாளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "என்ன வேணும்மா?" என்றார்.

"பாடி வேணும். பருத்தியில. கப் சைஸோட. பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்குற அம்புட்டுப் பேருக்கும் வேணும். எங்க செக்‌ஷன் மட்டும் வந்தாலே நீங்க எடுத்து வைக்கிற முதல் லோடு காலியாயிரும்."

அவர் என்னைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "நெசமா வருவாகளா?"

"நானே கூட்டிட்டு வாரேன்."

சரக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து, கூட்டமாகக் கடைக்குப் போனோம். கீழே நின்ற அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் ஜமுக்காளப் பக்கம் போய் மடித்ததையே திரும்ப மடிக்க ஆரம்பித்தார். மாடியில் ஒவ்வொருத்தியும் தன் அளவைத் தானே சொன்னாள். "முப்பது சி." "முப்பத்தாறு டி." "எனக்கு முப்பத்தி நாலு பி, தப்பா எடுத்துராதீக." மாடிக்கார அம்மாள் ஒரு மூலையில் சேலையைக் கட்டித் திரை போட்டு, டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். துணி எடுக்க வந்த வேறு பெண்கள் இரண்டு பேரும் சத்தம் கேட்டு மாடிக்கு வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே திரைக்குள் போனார்கள்.

என் முப்பத்தி நாலு டியையும் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். வெள்ளைப் பருத்தி, பூ வேலைப்பாடு ஒன்றும் இல்லை. புதிதாக இருக்கும்போது கடைசிக் கொக்கியில் போட வேண்டும், துவைத்துத் துவைத்துப் பட்டை தளர்ந்தால் உள் கொக்கிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

தோள் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பயிற்சியையும் விடாமல் செய்தேன். தீபாவளிச் சரக்கின் கடைசி லோடு லாரியில் ஏறிய வாரம் நான் மேல் அடுக்குப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து இறக்கினேன். எடுத்து வைத்த பிறகுதான் வலிக்கவில்லை என்பதே உறைத்தது. தோளில் அந்தப் பள்ளம் இன்னும் லேசாக இருக்கிறது. அது முழுக்கப் போகாது என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு நாங்கள் சிலர் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். மதினியும் வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூட்டத்தில் ஆற்று மணலில் நடக்கும்போது இரண்டு கையையும் வீசிக்கொண்டு எனக்கு முன்னால் போனார். நான் மூச்சு வாங்க எட்டிப் பிடித்தேன்.

"கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் குடுத்தேன்" என்றார். "டெய்லர் பிள்ளை பழைய ஜாக்கெட் கொண்டாங்க, அளவு பாத்துக்கிடுறேன்னு சொல்லுச்சு. பழசெல்லாம் லொடலொடன்னு இருக்கும், புதுசா அளந்து தைன்னு சொன்னேன். கழுத்துக்கிட்ட, கைக்கிட்ட எல்லாம் நல்லாப் பிடிச்சு."

"தச்சுக் குடுத்துருச்சா?"

"நேத்துத்தான் போட்டுப் பாத்தேன். கல்யாணத்துக்கு வந்து பாருங்க" என்றார். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலைப் பார்த்து வேகமாக நடந்தார்.